உயிரியலுக்கு ஆள் பிடித்த கதை

உயிரியலுக்கு மொழியே தேவையில்லை என்று நான் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். தவளைக்கு லத்தீன் பெயர், தாமரைக்கு லத்தீன் பெயர், முழங்கால் எலும்புக்குக்கூட லத்தீன் பெயர். எல்லாப் பெயரும் லத்தீனாக இருக்கும்போது நடுவில் வருகிற நாலு சொல் இங்கிலீஷாக இருந்தால் என்ன, மலாயாக இருந்தால் என்ன? நான் படித்தது பொருளாதாரம். பள்ளியில் மூன்றாம் படிவத்திலேயே விஞ்ஞானம் தேறாதவன். அப்படிப்பட்டவனைத்தான் உயிரியலுக்கு விரிவுரையாளர் தேடும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

இன்று அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள். பகுதி நேர விரிவுரையாளர்களை எடுப்பது பற்றி ஏதாவது சொல்லச் சொன்னீர்கள். விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல், மேலிடத்து ஒப்புதல் இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரே ஒருவரை எடுத்ததைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரை எடுத்தபோது நான் பட்ட பயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் வருவதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் வடக்கே இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பவர்களுக்காக ஈப்போவில் ஒரு சின்ன மையம் வைத்திருந்தார்கள். கடைவீதியில் மாடி மேல் இரண்டு அறை, ரேணுகா என்ற கிளார்க், நான். அவ்வளவுதான் பல்கலைக்கழகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தை இரவல் வாங்கி வகுப்பு நடத்துவோம். பீடோர், ஹுத்தான் மெலிந்தாங், பாரிட் புந்தார் என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருவார்கள். தற்காலிக ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி உதவியாளர்கள், கிளார்க்குகள். முதலாமாண்டு உயிரியல் கட்டாயம். அதில் தேறாமல் அடுத்த ஆண்டுக்குப் போக முடியாது.

அந்த வருடம் இரண்டு இடி ஒன்றாக விழுந்தது. அதுவரை உயிரியல் எடுத்தவர் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போய்விட்டார். இனிமேல் முதலாமாண்டுப் பாடங்கள் எல்லாம் மலாயில்தான் நடக்கவேண்டும் என்று தலைமை வளாகமும் சொல்லிவிட்டது. உயிரியலும் தெரிந்து, அதை மலாயில் நடத்தவும் தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை சும்மாவும் இருக்கிற மனிதன் ஈப்போவில் யார்? இளம் பட்டதாரிகளை அரசாங்கம் தூரத்துக் கிளந்தானுக்கும் சபாவுக்கும் அனுப்பி வைத்திருந்தது. ஆள் கிடைக்காவிட்டால் ஈப்போ வகுப்பை மூடிவிட்டு மாணவர்களை வடக்கே வரச் சொல்வார்கள்.

நான் பயந்தால் வாய் அதிகமாகும், மூளை குறைவாகும். பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம்கூடப் போய்க் கேட்டேன். "உங்க ஸ்டூடண்ட் யாருக்காவது கால் நொண்டினா சொல்லுங்க, வாரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரேணுகா அதற்கும் மேலே போனாள்.

"அண்ணே, நம்ம பல் டாக்டர் இருக்காரு. பல்லும் உயிரியல்தானே?"

"ஏம்மா, வவுத்தெரிச்சலக் கொட்டிக்காத."

"அப்ப நீங்களே எடுங்க லா. தவளை உங்களப் பாத்தா தானா செத்துப்போகும், அறுக்கிற வேலை மிச்சம்."

இந்த நிலையில்தான் நடேசன் மாஸ்டரின் பெயர் காதில் விழுந்தது. யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம். தகப்பனார் ரயில்வேயில் இருந்தவர். மாஸ்டர் முப்பது வருடம் ஆறாம் படிவத்துக்கு உயிரியல் நடத்தி, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஈப்போவில் பாதி டாக்டர்கள் அவரிடம் படித்தவர்கள் என்று சொல்வார்கள். ஒரு சனிக்கிழமை ஃபேர் பார்க் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கு, பெண் கேட்கப் போகிறவன் மாதிரி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

நான் வந்த விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, என்ரை படிப்பெல்லாம் இங்கிலீஷ். படிப்பிச்சதும் இங்கிலீஷ். என்ரை மலாய் மார்க்கெட் மலாய். அதைக் கொண்டு மீன் வாங்க ஏலும். மீனைப் பற்றிப் படிப்பிக்க ஏலாது."

அப்போதுதான் என் லத்தீன் தத்துவத்தை எடுத்துவிட்டேன். பெயரெல்லாம் லத்தீன், படமெல்லாம் படம், நடுவில் நாலு சொல்தானே மாஸ்டர் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விடைத்தாளில் பெயரைக்கூடத் தப்பாக எழுதிவிட்ட பையனைப் பார்க்கிற பார்வை அது.

"நீர் என்ன படிச்சனீர்?"

"பொருளாதாரம், மாஸ்டர்."

"அதுதானே பார்த்தன்."

போச்சு என்று எழுந்தேன். வாசல்வரை வந்தவர் திடீரென்று சொன்னார்: "காலமை எழும்பி எங்க போறது எண்டு தெரியாமல் இருக்குது தம்பி. மனுசி சொல்லுறா, நான் பூனைக்குப் பாடம் எடுக்கிறனாம். ஒரு பருவத்துக்கு வாறன். சரிவராட்டி விட்டிடுவன்."

கேட்டைத் திறந்து வெளியே வந்ததும் நடுத்தெருவில் ஒரு குதி குதித்தேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் விரிவுரையை இங்கிலீஷில் எழுதுவார். பக்கத்து வீட்டு மலாய் ஆசிரியை அதை மலாயில் மாற்றித் தருவார். அதை மாஸ்டர் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்வார். வாரம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டே ஒப்பிப்பாராம். ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தில் வந்து நின்றால் கோயிலில் அர்ச்சகர் மந்திரம் சொல்வதுபோல் தடையில்லாமல் ஓடும். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆகையால் உயிரியல் சரியாக நடக்கிறது என்று முடிவு கட்டினேன்.

சிக்கல் எங்கே வரும் என்றால், யாராவது கேள்வி கேட்டால் வரும். மந்திரம் அறுந்துவிடும். ஏற்றத்தில் நின்றுபோன பஸ் மாதிரி நிற்பார். இங்கிலீஷில் ஒரு சொல், மீன் வாங்குகிற மலாயில் இரண்டு சொல், பிறகு கரும்பலகையில் ஒரு படம். அவர் போடும் படம் அழகாக இருக்கும். ஆனாலும் திருப்தி வராது. "அடுத்த ஞாயிறு சொல்லுறன்" என்பார். விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாமல், அந்தப் பகுதியின் தலையிலிருந்து மறுபடி ஒப்பிக்க ஆரம்பிப்பார். கேட்கும் எனக்கு வியர்க்கும். ஆனால் அடுத்த ஞாயிறு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வார், நல்ல மலாயில்.

கேள்வி கேட்பதில் முதல் ஆள் சரோஜா. பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். துண்டு துண்டாக வெட்டி விற்கப்பட்டு, பாதிக் குடும்பங்கள் வெளியேறியபின் மிச்சமிருந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வருகிறவர். அங்கே இருந்த தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அந்தப் பள்ளியும் என்றைக்கு மூடுமோ தெரியாது. பட்டம் கிடைத்தால் நிரந்தர வேலைக்கு வழி உண்டு. அப்பா படுக்கையில் கிடந்தார். காலையில் பஸ் பிடித்து ஈப்போ வந்து, சாயங்காலத்துக்குள் வீடு திரும்பியாக வேண்டும். ஈப்போவில் வகுப்பு இருந்தால் சரோஜாவுக்குப் படிப்பு உண்டு. வடக்கே போனால் கிடையாது. இதை அவரே என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார், பஸ் டிக்கெட்டைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு.

பருவத்தின் நடுவில் தொலைபேசி வந்தது. தலைமை வளாகத்து உயிரியல் துறையிலிருந்து ஒரு டாக்டர் வந்து நம் வகுப்பைப் பார்க்கப் போகிறார். மலாயில் ஒழுங்காக நடந்தால் தொடரலாம், இல்லையென்றால் மூடுவார்கள்.

ரேணுகா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, யாரு செத்தா?" என்றாள்.

"இன்னும் இல்ல. வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மாஸ்டரிடம் போய்ப் பேசியிருப்பீர்கள். நான் அவரிடம் ஆய்வாளர் வருகிறார் என்று மட்டும் சொன்னேன். "வரட்டும்" என்றார். அவருக்குப் பயம் இல்லை. பயம் முழுக்க என்னிடம் குத்தகைக்கு இருந்தது. அதனால் சதி செய்தேன். வகுப்பில் எல்லாரும் மதிக்கிற ஆள் ஜமால், ஹுத்தான் மெலிந்தாங்கில் ஆரம்பப்பள்ளி ஆசிரியர். இடையில் இருந்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவரையும் சரோஜாவையும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த மாமாக் டீக்கடைக்கு அழைத்துப்போய், தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அடுத்த ஞாயிறு யாரும் கேள்வி கேக்கக் கூடாது," என்றேன், முதலில் மலாயில், பிறகு தமிழில். "யாரும்னா யாரும். கொட்டாவி விடலாம், தும்மலாம். கேள்வி வேணாம்."

ஜமால் குவளையைக் கீழே வைத்தார். "சிக்குவுக்காக என்றால் சரி," என்றார். ஆசிரியரை மலாய்க்காரர்கள் அழைக்கிற முறை அது. மாஸ்டரை வகுப்பில் எல்லாருமே அப்படித்தான் அழைத்தார்கள்.

சரோஜாவுக்குத்தான் ஏறவில்லை. "கேக்காம எப்படி சார் படிக்கிறது?"

"ஒரு நாள்தான்மா."

"சிக்கு அடுத்த வாரம் பதில் கொண்டாருவாரு சார். எப்பவும் கொண்டாருவாரு."

"அடுத்த வாரம் வகுப்பே இருக்காது. நீ நார்த்துக்குப் போயி கேட்டுக்க."

 அவர் தே தாரிக்கில் படிந்த ஆடையைக் கரண்டியால் ஓரம் தள்ளினார். வேலை முடிந்தது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு வந்தது. ஆய்வாளர் என்னைவிட இளையவர், மலாய்ப் பெண்மணி, மெல்லிய குரல். எனக்குப் புலி வந்தால்கூட அவ்வளவு பயம் வந்திருக்காது. பாடம் இதயம். மாஸ்டர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்று ஆரம்பித்தார். தடையில்லாமல் ஓடியது. வகுப்பு மூச்சுவிடாமல் இருந்தது. நான் பின்வரிசையில் இருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது கை தூக்கினால் இருமுவதற்காக.

கை தூக்கியது ஆய்வாளர்.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அவருக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுக்க மறந்துவிட்டேன். "மன்னிக்கவும் சிக்கு," என்று மரியாதையாகத்தான் கேட்டார். "இதயம் சுருங்கும்போது இரத்தம் முன்னால்தான் போகிறது. ஏன் வந்த வழியே திரும்பிப் போவதில்லை? முதலாமாண்டு மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?"

மாஸ்டர் நின்றுவிட்டார். நான் இருமினேன். யாருக்காக இருமினேன் என்று எனக்கே தெரியாது. அவர் வாய் திறந்தது, மூடியது. சொல் வரவில்லை. வகுப்பில் ஒரு முகமும் நிமிரவில்லை. பிறகு அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் சாமான் வைக்கிற அறை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய கதவு. அது அந்த அறையின் உள்பக்கமாக மட்டும்தான் திறக்கும்; உள்ளே கைப்பிடி கிடையாது.

"ஜமால்! நீ டாரா," என்றார். டாரா என்றால் இரத்தம். இன்னும் நாலைந்து பேரையும் எழுப்பி இரத்தமாக்கினார். வரிசையில் நிறுத்திக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகச் சொன்னார். போனார்கள். கதவைச் சட்டத்தோடு சேர்த்து மூடினார். "இப்ப தொலாக்!" என்று கத்தினார், தள்ளு என்று. உள்ளே இருந்து ஐந்தாறு பேர் தள்ளினார்கள். தள்ளத் தள்ளக் கதவு சட்டத்தில் போய் இறுகியது. "லாகி தொலாக்!" இன்னும் தள்ளினார்கள். சட்டம் கிறீச்சிட்டது. கதவு அசையவில்லை. மாஸ்டர் கரும்பலகைக்கு ஓடிப்போய்த் தான் வரைந்திருந்த இதயத்தில் வால்வின் சிறு மடலைக் காட்டி, கதவையும் காட்டி, "சாமா! தா போலே பாலேக்!" என்றார். இதுவும் அதுவும் ஒன்று, திரும்பி வர முடியாது. மீன் வாங்குகிற மலாய்.

உள்ளே ஃபார்மலின் நெடியில் ஜமால் "சிக்கு, திறங்கள்!" என்று அலறியபோதுதான் வகுப்பு சிரித்தது. ஆய்வாளரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கே விளங்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிரிப்பின் நடுவே சரோஜா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மாறியது. எதையோ கண்டுபிடித்த மாதிரி கையைத் தூக்கினார், பாதிவரை. நான் இருமினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

ஆய்வாளர் கிளம்பும்போது, "மொழி இன்னும் பழக வேண்டும். ஆனால் இந்த வகுப்பை மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை," என்றார். நான் வகுப்பு முழுவதற்கும் கறிபஃப் வாங்கிக் கொடுத்தேன். மாஸ்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். பயம் தெளியவில்லை போலிருக்கிறது என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள் நான்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறும் யாரும் கேள்வி கேட்கவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. நான் சொல்லவில்லை. ஒரு நாள்தான் என்று நான் சொன்னது உண்மை. ஆனால் கேள்வி இல்லாமல் வகுப்பு எவ்வளவு வழவழவென்று ஓடுகிறது என்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மாஸ்டர் நின்று தவிப்பதைப் பார்க்க யாருக்கும் மனமில்லை. ஆய்வாளர் முன்னால் அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அந்த இரக்கம் இன்னும் கூடிவிட்டது. வருவார்கள், எழுதுவார்கள், போகும்போது "தெரிமா காசி, சிக்கு" என்று நன்றி சொல்வார்கள். கரும்பலகையில் படம்கூடக் குறைந்துபோனது. யாரிடமிருந்தும் ஒரு புகார் இல்லை. ரேணுகாவிடம் பெருமையடித்தேன்: "பாத்தியா, எப்படி ஓடுது?"

"ரொம்ப அமைதியாத்தான் இருக்கு அண்ணே," என்றாள். "பிணவறை மாதிரி."

அதையும் அவளுடைய வழக்கமான குறும்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பருவ முடிவில் அடுத்த பருவத்துக்கும் மாஸ்டரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புதல் வந்தது. செய்தி சொல்லிக் கூப்பிட்டேன். மாடிப்படி ஏறி வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஓம், நல்ல சேதிதான். ஆனா நான் வரேல்லை."

முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டேன். அதைத் துடைத்துக்கொண்டே, "உடம்புக்கு முடியலையா மாஸ்டர்? பஸ் கஷ்டமா? நான் வேணா வந்து ஏத்திக்கிறேன்," என்று உளறினேன்.

"உடம்புக்கு ஒண்டுமில்லை. பிள்ளையள் என்னட்டை ஒண்டும் கேக்கினமில்லை."

"அது நல்லதுதானே மாஸ்டர்? வெளங்குது, அதான் கேக்கல."

"முப்பது வருஷம் படிப்பிச்சனான் தம்பி. ஒருத்தரும் ஒண்டும் கேக்காத வகுப்பை நான் காணேல்லை. ரேடியோவுக்கு முன்னால இருக்கிற மாதிரி இருக்கினம். ரேடியோ எண்டாலும் பிடிக்காட்டி நிப்பாட்டலாம்."

நான் துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"கேள்வி கேட்டா நான் முழிப்பன். வெக்கம்தான். ஆனா அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டிலை கேட்டு, மறுமொழியைப் பாடமாக்கி, அடுத்த ஞாயிறு கொண்டு வருவன். எனக்கு இந்த மலாய் வந்ததெண்டா அப்பிடித்தான் வந்தது. பாடமாக்கினது வேறை. அது வாயிலை இருக்கும். கேள்விக்குத் தேடினதுதான் தலைக்குள்ளை இருக்குது. இப்ப தேடுறதுக்கு ஒண்டுமில்லை."

"அது என் வேலை மாஸ்டர்," என்றேன். "நான்தான் அன்னைக்கு ஒரு நாளைக்குக் கேக்காதீங்கன்னு சொன்னேன்."

"தெரியும். அந்த இருமல் ஆரின்ரை எண்டு எனக்குத் தெரியாதோ?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"மறுபடி கேக்கச் சொல்றேன் மாஸ்டர். நாளைக்கே சொல்றேன்."

"நீர் சொல்லி அவை கேட்டா அது கேள்வியோ? எனக்குப் பாவம் பார்த்துக் கேப்பினம். இப்ப பாவம் பார்த்துக் கேக்காமல் இருக்கினம்." எழுந்தார். படியில் கால் வைத்தவர் திரும்பினார். "அண்டைக்கு அந்த பீடோர்ப் பிள்ளை கை தூக்கினவள். கதவைப் பார்த்துக்கொண்டு. என்ன கேக்க வந்தவள்?"

"தெரியல மாஸ்டர்."

"நல்ல கேள்வியாத்தான் இருந்திருக்கும். முகத்திலை தெரிஞ்சது. கேட்டுச் சொல்லும்."

தேர்வு நாளன்று சரோஜாவைப் பள்ளிக்கூட வாசலில் பிடித்தேன். மாஸ்டர் போகப்போகிறார் என்று சொன்னேன்.  ஈப்போ வகுப்பு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அவருக்கே தெரியும்.

"அன்னைக்கு என்னமோ கேக்க வந்தியேம்மா. அந்தக் கதவு விஷயம். மாஸ்டர் கேட்டாரு."

 பரீட்சை அட்டையால் முகத்துக்கு விசிறிக்கொண்டார்.

"மறந்துருச்சு சார்."

"நல்லா யோசிச்சுப் பாரும்மா."

"நெசமாவே ஞாபகம் இல்ல சார். நீங்க வேணாம்னீங்க. அப்புறம் அப்படியே பழகிருச்சு லா." குற்றம் சொல்லும் குரலே இல்லை. மணி அடித்தது. உள்ளே போய்விட்டார்.

மாஸ்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஓம்" என்றார். பிறகு மனைவியைப் பற்றியோ பூனையைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வைத்துவிட்டார்.

இனி உங்களுக்கு. ஆள் தேடுவதுதான் நம் வேலையில் கஷ்டமான பகுதி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிடைத்த ஆளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பும்போதுதான் மோசமான தவறுகள் நடக்கின்றன. ஒரு விரிவுரையாளர் தடுமாறினால் வகுப்பின் வாயை அடைக்காதீர்கள். நான் செய்திருக்க வேண்டியது சின்ன விஷயம். ஜமாலை முன்வரிசையில் உட்கார வைத்து, "சிக்குவுக்குச் சொல் வராதபோது எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஜமால் சந்தோஷமாகச் செய்திருப்பார். மாஸ்டரும் மறுத்திருக்க மாட்டார். ஆனால் அந்த யோசனை எனக்கு வந்தது ஓய்வு பெற்ற பிறகு, ஈப்போ பெரிய மார்க்கெட்டில் கெம்போங் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது. மீன்காரர் என்னைப் பார்த்து, "என்னண்ணே, வேணுமா வேணாமா?" என்று இரண்டு தரம் கேட்கவேண்டி வந்தது.

இன்னொன்று. ஒரு வகுப்பைப் பற்றிப் புகாரே வரவில்லை என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு போய் உட்கார்ந்து கேளுங்கள். நானும்தான் போய் உட்கார்ந்தேன் என்பீர்கள். நான் போனது இருமுவதற்கு.

அடுத்த பருவத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. விளம்பரம் போட்டோம், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினேன், ஒருவரும் வரவில்லை. ஈப்போவில் முதலாமாண்டு உயிரியலை மூடி, மாணவர்களை வடக்கே மாற்றினார்கள். பாரிட் புந்தார்காரர்களுக்கு மட்டும் அது பக்கமாகப் போனது. ஜமால் மோட்டார் சைக்கிளில் போய்வந்து பட்டம் வாங்கினார். நடேசன் மாஸ்டர் அதற்குப் பிறகு எங்கேயும் வகுப்பு எடுக்கவில்லை. சரோஜா அந்தத் தேர்வில் தேறவில்லை. மறுபடி எழுதுவதற்காகச் சில ஞாயிறு வடக்கே போனார். ஒரு ஞாயிறு அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதோடு சரோஜா படிப்பை நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் தோட்டத்துப் பள்ளி மூடப்பட்டது. ஜெலப்பாங் பக்கத்தில் ஒரு துணித் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலைக்குச் சேர்ந்தார்.